பால் பொங்குற நொடி: மாடலர்ல எட்ஜ் ஆஃப் பிரேக்கப் டோன் பிடிப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

கிட்டார் டோன் பத்திப் பேச்சு வந்தாலே ஒரு புலம்பல் கூடவே வந்துடும். "மாடலர் வாங்கிட்டேன். க்ளீன் டோன் அருமை, மெட்டல் டோனும் அருமை. நடுவுல இருக்கிற அந்த டோன் மட்டும் வரவே மாட்டேங்குது." அந்த நடு டோனுக்குப் பேர்தான் எட்ஜ் ஆஃப் பிரேக்கப். இன்னைக்கு முழுக்க அதைப் பத்திதான்.

முதல்ல, அது என்ன?

அடுப்புல பால் பொங்கி வர்ற நொடியை நினைச்சுக்கோங்க. தீயைக் கொஞ்சம் கூட்டினா வழிஞ்சுடும், குறைச்சா அடங்கிடும். ஆம்ப் அந்த நிலையில நிக்கிறதுதான் எட்ஜ் ஆஃப் பிரேக்கப். மெதுவா மீட்டினா சுத்தமான ஒலி. அழுத்தி அடிச்சா லேசா ஒரு கரகரப்பு, ஒரு உறுமல். தீயைக் கூட்டுறதும் குறைக்கிறதும் பிக் பிடிச்சிருக்கிற உங்க கைதான்.

இது எப்படி நடக்குது? ஆம்ப்ல இருக்கிற வால்வு ஒரு வரம்பு வரைக்கும்தான் சிக்னலைப் பெருக்கித் தர முடியும். அதைத் தாண்டினா அலையோட உச்சி தட்டையாகிடும். இதுதான் கிளிப்பிங். அப்ப ஒலியில புதுசா ஹார்மானிக்ஸ் சேருது, அது நம்ம காதுக்குக் கரகரப்பா கேக்குது. மெதுவா மீட்டின நோட் அந்த வரம்பைத் தொடாது, பலமா அடிச்ச நோட் தொட்டுடும். கெயினை ரொம்ப ஏத்திட்டா எல்லா நோட்டும் வரம்பைத் தாண்டிடும். அப்புறம் நீங்க மென்மையா வாசிச்சாலும் முரட்டுத்தனமா வாசிச்சாலும் கேக்கிறவங்களுக்கு ஒண்ணுதான்.

பாட்டுக்கு வாசிக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். பாடகர் சரணத்துல குரலை இறக்கும்போது நீங்களும் இறங்கணும், பல்லவி திரும்ப வரும்போது கூடவே எழும்பணும். இந்த டோன் இருந்தா, பெடலை மிதிக்காம கையாலேயே ரெண்டையும் பண்ணிடலாம்.

மாடலர் தர்ற வசதி, கூடவே வர்ற குழப்பம்

1963ல வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் சுமார் 22 வாட் ஆம்ப். அதுல மாஸ்டர் வால்யூம் கிடையாது. கரகரப்பு வேணும்னா வால்யூமை ஏத்தித்தான் ஆகணும், சத்தமும் சேர்ந்தே ஏறும். 30 வாட் வாக்ஸ் ஏசி30-ஐ அப்பார்ட்மென்ட்ல அந்த அளவுக்கு ஏத்தினீங்கன்னா, கீழ் வீட்டுக்காரர் வந்து காலிங் பெல்லை அழுத்திடுவார்.

மாடலர் இந்த ரெண்டையும் பிரிச்சுக் கொடுக்குது. கரகரப்பு தனி, சத்தம் தனி. ஆனா அதனாலேயே வால்யூம் மாதிரி தெரியுற நாப் மூணு வந்து நிக்குது. எது என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

டிரைவ் அல்லது கெயின்: சிக்னலை வரம்பை நோக்கித் தள்ளுறது இதுதான்.

மாஸ்டர்: பவர் ஆம்ப் பகுதி எவ்வளவு உழைக்கணும்னு சொல்றது. இதைத் தொட்டாலும் டோன் மாறும். ஹீலிக்ஸ், ஃப்ராக்டல் மாதிரி மாடலர்கள்ல, நிஜத்துல மாஸ்டர் இல்லாத ஆம்புக்கும் இந்த நாப் இருக்கும். அந்த மாதிரி ஆம்புக்கு இதை 10லயே விட்டுடுங்க.

சேனல் வால்யூம் அல்லது லெவல்: வெறும் சத்தம். டோனைத் தொடாது. சத்தம் அதிகமா இருந்தா இதை மட்டும் குறைங்க.

செட் பண்ற வரிசை

1. இன்புட்டைச் சரி பாருங்க. கம்ப்யூட்டர்ல பிளகின் வச்சு வாசிக்கிறவங்க, ஆடியோ இன்டர்ஃபேஸ்ல இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்லதான் கிட்டாரைச் சொருகணும். கிளிப் லைட் சிவப்பா எரிஞ்சா இன்புட்டைக் குறைங்க. அங்க வர்ற டிஜிட்டல் கிளிப்பிங் காதுக்கு இதமா இருக்காது.

2. டீலக்ஸ் ரிவெர்ப், ஏசி30, ட்வீட் டீலக்ஸ் மாதிரி ஒரு ஆம்ப் மாடலை எடுங்க. வேற எஃபெக்ட் எதுவும் வேண்டாம்.

3. கிட்டார்ல இருக்கிற வால்யூம் நாபை 7ல வைங்க. இதுதான் முக்கியமான படி.

4. பாட்டுல பலமா அடிப்பீங்களே, அந்த பலத்துல ஒரு கார்டு அடிச்சுக்கிட்டே டிரைவை மெல்ல ஏத்துங்க. லேசா உறுமல் கேட்டதும் நிறுத்திடுங்க.

5. இப்ப அதே கார்டை மெதுவா வருடுங்க. சுத்தமா கேக்கணும். கேக்கலைன்னா டிரைவைக் கொஞ்சம் குறைங்க.

இப்ப கிட்டார் வால்யூமை 10க்கு ஏத்தினா சோலோவுக்கு ஏத்த கரகரப்பு கிடைக்கும், 4க்கு இறக்கினா க்ளீன். இறக்கும்போது ட்ரெபிள் மங்கினா, ட்ரெபிள் ப்ளீட்னு ஒரு சின்ன கெப்பாசிட்டரை கிட்டாருக்குள்ள சால்டர் பண்ணிக்கலாம். இன்னொண்ணு: ஹம்பக்கர் பிக்கப் பொதுவா சிங்கிள் காயிலை விட பலமான சிக்னல் தரும். கிட்டாரை மாத்தினா டிரைவையும் திரும்ப செட் பண்ணணும். இன்டர்நெட்ல இறக்கின பிரீசெட் உங்க கையில வேற மாதிரி கேக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

காரியத்தைக் கெடுக்கிறவை

ஆம்புக்கு முன்னால வைக்கிற கம்ப்ரசர் மென்மையான நோட்டையும் பலமான நோட்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வந்துடும். நாம இவ்வளவு நேரம் தேடினது அந்த வித்தியாசத்தைத்தான். நாய்ஸ் கேட்டை இறுக்கமா வச்சா மெதுவா வருடுற நோட்டெல்லாம் பாதியிலேயே செத்துடும்.

கெம்பர், நியூரல் ஆம்ப் மாடலர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கேப்சர்ங்கிறது பொதுவா ஆம்போட நாபெல்லாம் ஒரே நிலையில இருக்கும்போது எடுத்த ஃபோட்டோ மாதிரி. மெட்டலுக்காக எடுத்த கேப்சர்ல கெயினைக் குறைச்சா, அந்த நிஜ ஆம்ப்ல குறைச்ச மாதிரி வராது. பிரேக்கப் பக்கத்துல எடுத்த கேப்சரா தேடி எடுங்க.

கடைசியா, சத்தம். குறைஞ்ச சத்தத்துல நம்ம காதுக்கு பேஸ் குறைவா கேக்கும், மேல்கோடி ட்ரெபிளும் அப்படித்தான். 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இதை அளந்து காட்டியிருக்காங்க. ராத்திரி ஹெட்ஃபோன்ல மெதுவா வச்சு, குறையுதேன்னு பேஸையும் ட்ரெபிளையும் ஏத்தி வச்ச டோன், ரிகர்சல் ரூம்ல சத்தமா வச்சதும் காதைக் கிழிக்கும், கீழே கொழகொழன்னு இருக்கும். எந்த சத்தத்துல வாசிக்கப் போறீங்களோ, அந்த சத்தத்துல ஒரு தடவையாவது செட் பண்ணிப் பாருங்க.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. ஒரே ஒரு கார்டு. மெதுவா, நடுத்தரமா, பலமா, மூணு விதமா அடிச்சு ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. மூணும் மூணு நிறமா கேட்டா டோன் வந்தாச்சு. ஒரே மாதிரி இருந்தா டிரைவை ஒரு புள்ளி குறைச்சுட்டு மறுபடி அடிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!