100% உடல் பாதிப்பு இழப்பீடு வாங்கும் முன்னாள் ராணுவ வீரர் வேலைக்குப் போகலாமா? அமெரிக்க விதிகள் சொல்வது என்ன?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். காலை ஏழு மணிக்கு ஒருவர் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்புகிறார். முன்பு ராணுவத்தில் இருந்தவர். ‘100 சதவீதம் பாதிப்பு’ என்று அரசிடமிருந்து மாதாமாதம் அவருக்குப் பணம் வருவது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "முழுசா முடியலைன்னு பணம் வாங்குறாரு, அப்புறம் எப்படி வேலைக்கும் போறாரு?" என்று ஒரு முணுமுணுப்பு.

அதே ஊரில் இன்னொரு முன்னாள் வீரர். அவருக்கும் அதே தொகைதான் வருகிறது, ஒரு டாலர்கூட வித்தியாசம் இல்லை. தெரிந்தவர் ஒருவர் தன் கடையில் முழுநேர வேலை தருகிறேன் என்கிறார். ஆசை இருக்கிறது, ஆனால் பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்.

முதலாமவர் செய்வதில் சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. இரண்டாமவர் பயப்படுவதும் காரணம் இல்லாமல் இல்லை. ஒரே பணம், ஆனால் இரண்டு வேறு விதிகள். அது எப்படி?

100 சதவீதம் என்றால் ‘எதுவுமே செய்ய முடியாது’ என்று அர்த்தமா?

இல்லை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

ராணுவப் பணியால் வந்த காயம், நோய், மனநலப் பாதிப்பு ஆகியவற்றுக்கு அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறை மாதாந்திர இழப்பீடு தருகிறது. அங்கே இந்தத் துறையை எல்லோரும் ‘விஏ’ என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு பாதிப்புக்கும் பூஜ்ஜியத்திலிருந்து 100 சதவீதம் வரை மதிப்பெண் போடுவதுபோல ஒரு அளவு உண்டு. 2025ஆம் ஆண்டு விகிதப்படி, மனைவி மக்கள் இல்லாத ஒருவருக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 175.51 டாலர். 90 சதவீதம் என்றால் 2,297.96 டாலர். 100 சதவீதம் என்றால் 3,831.30 டாலர். இந்தப் பணத்துக்கு வருமான வரி கிடையாது.

கடைசி பத்து சதவீதத்துக்கு மட்டும் 1,500 டாலருக்கு மேல் ஏறுகிறது பாருங்கள். 100 என்ற எண்ணுக்கு அங்கே இவ்வளவு மவுசு இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த அளவு எதை வைத்துப் போடப்படுகிறது? சட்டம் சொல்வது, ‘இப்படிப்பட்ட பாதிப்பு உள்ளவர்களின் சம்பாதிக்கும் திறன் சராசரியாக எவ்வளவு குறையும்’ என்பதை வைத்து. சராசரி என்ற அந்த ஒரு வார்த்தைதான் இங்கே முக்கியம். குறிப்பிட்ட இந்த மனிதர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு பாதங்களையும் இழந்தால் அட்டவணையில் 100 சதவீதம். அவர் வீட்டில் இருந்தாலும் 100தான், வக்கீலாகி லட்சக்கணக்கில் சம்பாதித்தாலும் 100தான்.

2004ஆம் ஆண்டு ஈராக்கில் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது தாக்குதலில் இரண்டு கால்களையும் இழந்த டாமி டக்வொர்த், 2017 முதல் அமெரிக்க செனட் உறுப்பினர். அவருக்கு என்ன இழப்பீடு வருகிறது என்பது இங்கே விஷயம் இல்லை. கால் போனது வேறு, வேலை போவது வேறு என்பதற்கு இதைவிடத் தெரிந்த உதாரணம் கிடைக்காது.

ஆக, அட்டவணைப்படி 100 சதவீதம் பெற்றவருக்கு வருமான உச்சவரம்பு கிடையாது. முழுநேர வேலை பார்க்கலாம், சொந்தத் தொழில் செய்யலாம். அரசே இப்படிப்பட்டவர்களை வேலைக்குக் கூப்பிடுகிறது. 30 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள முன்னாள் வீரர்களைப் போட்டித் தேர்வு முறை இல்லாமலேயே மத்திய அரசுப் பணியில் எடுக்கத் தனி வழி இருக்கிறது.

அப்போ அந்த இரண்டாமவர் ஏன் பயப்படுகிறார்?

அவர் 3,831 டாலருக்கு வந்து சேர்ந்த வழி வேறு.

அவருக்கு மூன்று பாதிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். முதுகுத்தண்டு 60 சதவீதம், முழங்கால் 30, தோள்பட்டை 20. கூட்டினால் 110. அப்போ 100க்கு மேலேயே வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் விஏ கணக்கு நம் பள்ளிக்கூடக் கணக்கு அல்ல. முதலில் 60 போனால் மீதி 40. அந்த 40இல் 30 சதவீதம், அதாவது 12. மொத்தம் 72. இப்போது மீதி 28. அதில் 20 சதவீதம், 5.6. மொத்தம் 77.6, முழு எண்ணாக 78. அதைப் பக்கத்துப் பத்துக்கு மாற்றினால் 80 சதவீதம். கைக்கு வருவது மாதம் 2,044.89 டாலர்.

ஆனால் இந்த உடம்போடு அவரால் நிலையாக ஒரு வேலையில் இருக்க முடியவில்லை. நாலு நாள் போனால் மூன்று நாள் படுக்கை. இப்படிப்பட்டவர்களுக்காக இருப்பதுதான் ‘டிடிஐயூ’. அதாவது, அட்டவணை 100 காட்டாவிட்டாலும், ராணுவப் பணியால் வந்த பாதிப்பினால் பிழைப்புக்குப் போதுமான வேலை பார்க்க முடியாது என்று விஏ ஏற்றுக்கொண்டால், 100 சதவீதக்காரருக்குத் தரும் அதே தொகை. பொதுவாக, ஒரே பாதிப்பு 60 சதவீதம் இருக்க வேண்டும். அல்லது பல பாதிப்புகள் சேர்ந்து 70 சதவீதமும், அதில் ஒன்றாவது 40 சதவீதமும் இருக்க வேண்டும்.

ஆக, முதலாமவருக்குப் பணம் வருவது பாதிப்புக்காக. இரண்டாமவருக்கு 2,044 டாலர் பாதிப்புக்காக, மேலே வரும் பணம் வேலை பார்க்க முடியாததற்காக. வேலை பார்த்தால் அந்த மேல்பணத்தின் அடிப்படையே ஆட்டம் காணும்.

டிடிஐயூ வாங்குபவர் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கக் கூடாதா?

பார்க்கலாம். விதி தடுப்பது ‘பிழைப்புக்குப் போதுமான’ வேலையை. ஒரு தனி நபருக்கு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வகுத்துள்ள வறுமைக்கோட்டைத் தாண்டாத சம்பாத்தியம் பிரச்சனை இல்லை. இது சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 16 ஆயிரம் டாலர். வாரத்தில் சில மணி நேரம் நூலகத்தில் உட்காருவது, சின்னச் சின்ன ரிப்பேர் வேலை எல்லாம் இதில் அடங்கும்.

இங்கே பார்க்கப்படுவது உழைத்துச் சம்பாதித்த பணம் மட்டும்தான். வங்கி வட்டி, வீட்டு வாடகை, மனைவி அல்லது கணவரின் சம்பளம் எதுவும் கணக்கில் வராது. பலர் இது தெரியாமல் மனைவியையும் வேலைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள்.

வறுமைக்கோட்டைத் தாண்டினாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. ‘பாதுகாக்கப்பட்ட சூழல்’ என்று விதியில் ஒரு வார்த்தை உண்டு. அண்ணனின் பட்டறையில் வேலை, வலி வந்தால் பாதியில் வீட்டுக்குப் போகலாம், பத்து நாள் வராவிட்டாலும் சம்பளம் பிடிக்க மாட்டார். வெளியில் எந்த முதலாளியும் இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொள்ள மாட்டார் அல்லவா? அப்படிப்பட்ட வேலையை விஏ விலக்காகக் கருத முடியும். ஆனால் எது பாதுகாக்கப்பட்ட சூழல் என்பதற்கு விதியில் கறாரான வரையறை இல்லை. குடும்பத் தொழில் போன்ற ஓரிரு உதாரணங்களோடு அது நின்றுவிடுகிறது. கோப்பைப் பார்க்கும் அதிகாரியின் தீர்ப்பில் போய் நிற்கும் விஷயம் இது.

வேலைக்குப் போனால் உடனே பணம் நின்றுவிடுமா?

உடனே இல்லை. பிழைப்புக்குப் போதுமான வேலையில் 12 மாதம் தொடர்ச்சியாக நீடித்தால்தான், வேலையை மட்டும் காரணம் காட்டி டிடிஐயூவைக் குறைக்க முடியும். முயன்று பார்த்து, முடியாமல் எட்டாவது மாதம் விட்டுவிட்டால் அந்தக் காரணத்துக்காகக் குறைக்கக் கூடாது. விஏ நடத்தும் தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேர்வதும் ‘இவருக்கு வேலை பார்க்க முடியும்’ என்பதற்கு ஆதாரம் ஆகிவிடாது.

ஆனால் 12 மாதம் தாண்டினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அந்தப் பயம் புரியும்.

நம் இரண்டாமவருக்குக் கடையில் மணிக்கு 12 டாலர் சம்பளம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 25 ஆயிரம் டாலர். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதம் போக 23 ஆயிரம் சொச்சம். டிடிஐயூ போனால் அவர் மறுபடி 80 சதவீதத் தொகைக்கு இறங்குவார். மாதம் 1,786 டாலர் குறையும், ஆண்டுக்கு 21,437 டாலர். ஒரு வருஷம் முழுக்க வலியோடு உழைத்து அவர் கூடுதலாகப் பார்ப்பது ஏறக்குறைய 1,650 டாலர். வருமான வரியையும் பெட்ரோல் செலவையும் இன்னும் கழிக்கவே இல்லை.

வேலை பார்க்க விரும்புபவரை வீட்டிலேயே உட்கார வைப்பது சோம்பல் அல்ல, இந்தக் கணக்குதான். படிப்படியாகக் குறைக்க இந்த விதியில் இடமே இல்லை. இருந்தால் முழுத் தொகை, இல்லையென்றால் 80க்குத் தடால் என்று இறக்கம்.

‘நிரந்தரம்’ என்று கடிதத்தில் இருந்தால் கவலை இல்லையா?

இது நிறைய பேர் ஏமாறும் இடம். பாதிப்பு இனி சரியாகாது என்று விஏ முடிவு செய்தால் ‘நிரந்தரமானது, முழுமையானது’ என்று குறிப்பிடும். வழக்கமான மறுபரிசோதனைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் டிடிஐயூக்காரருக்கும் இந்த முத்திரை கிடைக்கும். முத்திரை இருக்கிறதே என்று முழுநேர வேலைக்குப் போனால் டிடிஐயூ விதி அப்படியேதான் பொருந்தும். முத்திரை பரிசோதனையிலிருந்துதான் காப்பாற்றும், வேலை விதியிலிருந்து அல்ல.

அட்டவணைப்படி 100 வாங்குபவர்களிலும் ஒரு பிரிவினர் கவனமாக இருக்க வேண்டும். பிடிஎஸ்டி போன்ற மனநலப் பாதிப்புக்கு மட்டுமே 100 சதவீதம் பெற்றவர்கள். அந்த 100க்கு விதியில் எழுதியிருக்கும் வார்த்தையே ‘வேலையிலும் சமூக வாழ்விலும் முழு முடக்கம்’ என்பதுதான். வேலைக்குப் போகத் தடை இல்லை. ஆனால் முத்திரை கிடைக்காதவர் மறுபரிசோதனைக்குப் போகும்போது, தினமும் ஆபீஸ் போய் வருவது பற்றிய கேள்வி வரத்தான் செய்யும்.

வேறு துறைப் பணமும் வந்தால்?

சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் தரும் எஸ்எஸ்டிஐ தனி. விஏ 100 சதவீதம் என்று சொன்னால் அவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கலாம், ஒன்றுக்காக மற்றொன்று குறையாது. ஆனால் எஸ்எஸ்டிஐக்கு அதன் சொந்த வருமானக் கோடு உண்டு. 2025இல் பார்வைக் குறைபாடு இல்லாதவர்களுக்கு மாதம் 1,620 டாலர். ஒன்பது மாத ‘சோதனை வேலை’ காலத்தில் அதற்கு மேல் சம்பாதித்தாலும் பணம் வரும். அதன்பிறகு சிக்கல். விஏயில் எந்தத் தடையும் இல்லாத நம் முதலாமவர், எஸ்எஸ்டிஐயும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனால் அங்கே மாட்டிக்கொள்வார்.

விஏ தரும் ‘பென்ஷன்’ என்பதும் வேறு. அது போர்க்காலத்தில் பணியாற்றிய, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கானது. வருமானம் ஏற ஏற அது குறையும். இழப்பீட்டையும் பென்ஷனையும் போட்டுக் குழப்பிக்கொள்வது அமெரிக்கர்களுக்கே சகஜம்.

இந்த விதி மாறுமா?

முயற்சி நடந்திருக்கிறது. 2017இல் டிரம்ப் அரசின் பட்ஜெட், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்கும் வயதை எட்டியவர்களுக்கு டிடிஐயூவை நிறுத்த யோசனை சொன்னது. ‘அந்த வயதில் யாருமே வேலைக்குப் போகப்போவதில்லை, பிறகு எதற்கு வேலை இழப்புப் பணம்’ என்பது வாதம். இளம் வயதிலேயே வேலையை இழந்தவருக்கு ஓய்வூதியமும் குறைவாகத்தானே இருக்கும் என்று முன்னாள் வீரர் அமைப்புகள் கொதித்தன. சில வாரங்களிலேயே அப்போதைய விஏ செயலாளர் டேவிட் ஷுல்கின் பின்வாங்கினார்.

வேலை கிடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முடிவுக் கடிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ‘100 சதவீதம்’ என்று இருக்கிறதா, ‘வேலை பார்க்க இயலாததால் 100 சதவீத விகிதத்தில்’ என்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிடிஐயூ என்றால் வேலையில் சேர்ந்ததை விஏவிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பயனில்லை. சம்பள விவரங்களை விஏ மற்ற அரசுத் துறைகளின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கூடுதலாக வாங்கிய பணம் கடனாக மாறும், திருப்பிக் கேட்பார்கள்.

குறைக்கப்போகிறோம் என்று கடிதம் வந்தால் பதில் ஆதாரம் கொடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. மருத்துவச் சான்று, முதலாளி எப்படியெல்லாம் விட்டுக்கொடுக்கிறார் என்ற கடிதம், விடுப்புப் பதிவு இவையெல்லாம் அப்போது கைகொடுக்கும். ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கான டிஏவி, அமெரிக்கன் லீஜியன் போன்ற அமைப்புகளில் இருக்கும் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இந்த வேலையை இலவசமாகவே செய்து தருகிறார்கள்.