ஒரே ஒரு வருஷம் வாழ்ந்த டி.வி.! தெரியுமா உங்களுக்கு?

சிதம்பரத்திலிருந்து நேர்கோடு கிழித்தால் சென்னையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தூரம். தெரியுமா? வடக்கே போனாலும் தெற்கே போனாலும் சுமார் 195 கிலோமீட்டர்தான்! 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி டி.வி. தொடங்கியதும் நம் கடலோர ஊர்களின் மொட்டை மாடி ஆன்டெனாக்கள் தெற்கே திரும்பியதில் என்ன ஆச்சரியம்? மாடியில் ஒருவர் குழாயைத் திருகுவார். கீழேயிருந்து, “தெரியுது... போச்சு... ஆங், அங்கேயே நிறுத்து!” என்று குரல் வரும். கடலை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும்போது டி.வி. அலை அந்த அடுக்குக்குள் சிக்கிக்கொள்ளும். மேலே தப்பிப் போகாமல், கடல்மட்டத்தை ஒட்டியே வளைந்து வளைந்து வெகுதூரம் ஓடிவரும். அப்படி அடுக்கு நிற்கும் இரவுகளில் படம் பளிச்சென்று விழும். காற்று மாறினால் மறுநாள் வெறும் புள்ளிதான்!

ரூபவாஹினிக்கும் முன்னால் இலங்கையில் தனியார் சானல் ஒன்று இருந்தது. அது தனியாராக எத்தனை நாள் வாழ்ந்தது தெரியுமா? 53 நாள்! 1979 ஏப்ரல் 13 அன்று ஐ.டி.என். ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜூன் 5 அன்று அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது.

அதைவிடப் பெரிய அதிசயம் இருக்கிறது. இலங்கையில் டி.வி. ஒளிபரப்பே இல்லாத 1975-லேயே கொழும்பில் ஒரு வீட்டில் டி.வி. ஓடியது. பார்த்தவர் ஆர்தர் சி. கிளார்க். பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுக்க ஒளிபரப்பலாம் என்று 1945-லேயே இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதியவர். முப்பது வருஷம் கழித்து அவர் வீட்டிலேயே டிஷ் நிறுவிக் கொடுத்தவர்கள் யார்? நம் இஸ்ரோ பொறியாளர்கள்! ஒரு யோசனையைச் சொன்னவருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யார் செய்துவிட முடியும்?

அவர் வீட்டில் ஓடியதுதான் அந்த ஒரு வருஷ டி.வி. பெயர் ‘சைட்’. 1975 ஆகஸ்ட் 1-ல் பிறந்து, 1976 ஜூலை 31-ல் முடிந்தது. செயற்கைக்கோள் நாசாவுடையது, நிகழ்ச்சிகள் நம்முடையவை. 1969-ல் நாசாவோடு ஒப்பந்தம் போட்டு இதற்கு வித்திட்டவர் விக்ரம் சாராபாய். ஒளிபரப்பைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1971-லேயே மறைந்துவிட்டார்.

ஆறு மாநிலங்கள், சுமார் 2,400 கிராமங்கள். சில கிராமங்களில் மின்சாரமே இல்லை, பேட்டரியில் ஓட்டினார்கள். டிஷ் எதில் செய்தார்கள் தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையில்! மூன்று மீட்டர் அகலம். அந்த வலைதான் விண்வெளியிலிருந்து வந்த படத்தைப் பிடித்தது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கே என்று நாளுக்கு நாலு மணி நேரம். விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு, கூடவே கலை நிகழ்ச்சிகள். ஒரே படத்துக்கு இரண்டு ஒலித்தடங்கள் இருந்ததால், ஆந்திர கிராமம் தெலுங்கில் கேட்கும்போதே கர்நாடக கிராமம் அதைக் கன்னடத்தில் கேட்கலாம்!

பட்டியலில் தமிழ்நாடு இல்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் ‘சைட்’ தொடங்கிய அதே மாதம் 15-ந் தேதி மெட்ராஸ் தூர்தர்ஷன் பிறந்துவிட்டது. ‘சைட்’டின் ஒரு வருஷம் முடிந்ததும் நாசா தன் செயற்கைக்கோளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. இங்கே கற்ற பாடம் எங்கேயும் போகவில்லை, இன்சாட் செயற்கைக்கோளாகி வந்தது.

ஒரு வருஷம்கூட வாழாத ஒரு லண்டன் டி.வி.யின் கதையும் கேளுங்கள். 1990 மார்ச்சில் ‘கேலக்ஸி’ என்ற செயற்கைக்கோள் சானல் வந்தது. அதைப் பார்க்கச் சின்னதாக ஒரு சதுர ஆன்டெனா! அதை நடத்திய கம்பெனி போட்டியாளரான ஸ்கையோடு இணைந்ததும், டிசம்பர் 2-ல் சானலை மூடிவிட்டார்கள். அதற்காக எடுத்த விண்வெளித் தொடர் ‘ஜூபிடர் மூன்’ 150 அத்தியாயம், காட்டியதோ 108. மிச்சத்தை ரசிகர்கள் பார்க்க வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். டேப்புகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் பார்க்க முடிந்தது.

நம்மூர் உள்ளூர் கேபிள் சானல்கள் ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி சினிமா, கல்யாண வாழ்த்து, ஆனித் திருமஞ்சனத் தேர், தேவனாம்பட்டினம் மாசி மகம் என்று காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் மறைந்துபோனவை எத்தனையோ! அவற்றின் வீடியோ கேசட்டுகள் கடலூரிலும் சிதம்பரத்திலும் பரண் மேல்தான் கிடக்கும். கடல் காற்றின் ஈரத்துக்கு டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். அப்படி இருந்தால் ஆசையில் உடனே போட்டுப் பார்த்துவிடாதீர்கள். டேப்பும் போகும், டெக்கும் கெடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி வையுங்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் செய்யுங்கள்!