கற்றுக்கொடுப்போருக்கு வரிச்சலுகை: கற்பிட்டிக் கரைக்குப் பொருந்துமா?

வயிற்றில் கைவைத்ததுமே குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று அனுபவமுள்ள மருத்துவிச்சி சொல்லிவிடுவார். பயிற்சி மாணவி உடனிருந்தால் அதே சோதனை இரண்டு முறை நடக்கும். முதலில் மாணவி தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். தவறினால், மூத்தவர் அவளுடைய கையைப் பிடித்து உரிய இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அதற்குள் வெளியே தாய்மாரின் வரிசை நீண்டுவிடும். இந்தக் கூடுதல் உழைப்புக்கு யார் ஈடு கொடுப்பது? அமெரிக்க மாநிலங்கள் சில வருமான வரி வழியாகக் கொடுக்கின்றன.

ஜோர்ஜியாவின் பாடம்

அமெரிக்காவில் ‘நேர்ஸ் பிரக்டிஷனர்’ என்பவர் நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் உயர்கல்வி பெற்ற தாதி. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இந்தப் பயிற்சி தொடங்கியது. இதைப் படிப்போர் நூற்றுக்கணக்கான மணிநேரம் நோயாளர்களிடையே பழக வேண்டும். ஆனால், சம்பளமின்றிச் சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது.

2014இல் ஜோர்ஜியா ஒரு வழி கண்டது. ஊதியமின்றிக் கற்பிக்கும் வைத்தியர், 160 மணிநேரச் சுற்று ஒன்றுக்கு 1,000 டொலரைத் தமது வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மாநில வரி உச்சமாக 6 வீதம்தான் என்பதால் கையில் மிஞ்சியது 60 டொலர். அதனால் 2019இல் சட்டத்தை மாற்றினார்கள். கட்ட வேண்டிய வரியிலேயே நேரடியாகக் குறைத்தார்கள்: முதல் மூன்று சுற்றுகளுக்குத் தலா 500 டொலர், அடுத்த ஏழுக்குத் தலா 1,000. கற்பிக்கும் நேர்ஸ் பிரக்டிஷனர்களுக்கும் 375, 750 டொலர் என்று சலுகை கிடைத்தது. மேரிலாந்து மாநிலமோ, சுகாதார ஆளணி குறைந்த பகுதிகளில் கற்பிப்போருக்கென்றே சலுகையை ஒதுக்கியது.

நமது கணக்கு

இலங்கையில் நேர்ஸ் பிரக்டிஷனர் என்ற தரம் இல்லை. கற்பிட்டி உள்ளிட்ட புத்தளம் கரையோரத்தில் தாய்மாரைக் கவனிக்கும் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் மருத்துவிச்சிகள். அவர்களின் பயிற்சி ஒன்றரை வருடம். அதில் ஆறு மாதம் ஊருக்குள், மூத்தவர் ஒருவரின் பின்னால் வீடு வீடாக நடந்து கற்பது.

2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியில்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம். மாதம் 250,000 ரூபாய் பெறும் வைத்தியர் வருடத்துக்கு 96,000 ரூபாய் வரி கட்டுகிறார். கற்பித்தலுக்காக 50,000 ரூபாயை அவருடைய வருமானத்திலிருந்து கழித்தால் மிச்சம் 9,000. அதே தொகையை வரியிலிருந்து கழித்தால் முழு 50,000மும் மிச்சம். மாதம் 150,000 ரூபாய்க்குக் குறைவாகப் பெறும் மருத்துவிச்சிக்கோ எந்த வழியிலும் ஒரு சதமும் கிடைக்காது. கட்டாத வரியில் எதைக் குறைப்பது?

செய்ய வேண்டியது

வரிச்சலுகையை வைத்தியர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மருத்துவிச்சிக்கும் தாதிக்கும் கற்பித்தல் கொடுப்பனவாகப் பணமே வேண்டும். மாணவியின் பயிற்சிப் பதிவேட்டில் ஒப்பமிட்ட மணிநேரமே அதற்கு ஆதாரமாகட்டும். மேரிலாந்து செய்தது போல, ஆள் குறைந்த இடங்களுக்குக் கூடுதல் தொகை தரலாம். பத்தலங்குண்டு போன்ற தீவுகளுக்குப் படகேறிப் போக வேண்டும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் குடியேறிய ஊர்களில் தாய்மார் தமிழில்தான் தம் வலியைச் சொல்கிறார்கள். அந்த மொழியிலேயே கேட்டு விளங்கிக்கொள்ளும் மாணவிகளை உருவாக்க, தமிழில் சொல்லித்தரும் மூத்தவர்கள் வேண்டும்.

பணத்தோடு நேரமும் வேண்டும். மாணவி வரும் மாதங்களில் கற்பிப்பவரின் வீட்டுத் தரிசிப்புகளில் ஒரு பகுதியை வேறொருவர் ஏற்க வேண்டும். அதைச் செய்யாமல் கொடுப்பனவு மட்டும் தந்தால், அவசரத்தில் அரைகுறையாகக் கற்றவர்களே நம் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இந்த இரண்டுக்கும் நிதி ஒதுக்க வேண்டும் என்று புத்தளம் மாவட்ட மக்கள் பிரதிநிதிகள் இப்போதே கேட்க வேண்டும்.