ஒளிந்துகொள்ள ஓர் ஒளி

கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் ஆய்வாளர்கள் 17 ஆண்டுகளாக ஆளில்லா நீர்மூழ்கிகளை இறக்கிக் கடலைப் படம் பிடித்து வந்தார்கள். மேற்பரப்பு முதல் 4,000 மீட்டர் ஆழம் வரை பதிவான உயிர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். அவற்றை இனவாரியாகப் பிரித்துக் கணக்கிட்ட செவரின் மார்ட்டினி, ஸ்டீவன் ஹேடாக் இருவரும் 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நீரில் மிதந்தும் நீந்தியும் திரியும் அந்த விலங்குகளில் 76 சதவீதம் ஒளிவிடக்கூடியவை!

மின்மினியை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு ஒளிவிடும் உயிர் என்பது ஓர் அபூர்வம். கடல்நீரில் திரியும் விலங்குகளிலோ ஒளிவிடாதவைதான் சிறுபான்மை.

ஒளிவிடுதலின் வேதியியல் சிக்கலானதல்ல. லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதி அந்த வினையை நடத்திக்கொடுக்கிறது. பிறக்கும் ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. இரண்டு பொருள்களையும் 1880-களில் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் துபுவா. ஒளியின் நிறம் பெரும்பாலும் நீலம். கடல்நீர் சிவப்பைச் சீக்கிரம் விழுங்கிவிடும், நீலம்தான் தூரம் போகும்.

வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்த வெளிச்சத்தில் கணிசமான பங்கு இரவல். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வாழும் ஏக்வோரியா என்ற ஜெல்லி மீனுக்கு ஒளிப்பொருளைத் தானே தயாரிக்கத் தெரியாது. அதை உணவிலிருந்துதான் பெறுகிறது. அந்தப் பொருள் இல்லாத உணவைக் கொடுத்து வளர்த்தால் இருண்டே கிடக்கும். இன்னும் சில விலங்குகள் ஒளிரும் பாக்டீரியாவையே உடம்புக்குள் குடிவைத்துக்கொள்கின்றன.

அப்படிப்பட்ட ஒன்றை நாம் சந்தையில் கூறுபோட்டு வாங்குகிறோம். அது காரல். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இழுவை வலைகளில் ஏராளமாக விழும் இந்த வெள்ளி நிற மீனின் உணவுக்குழாயைச் சுற்றி வளையம்போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் வாழும் பாக்டீரியாவுக்கு காரலின் அறிவியல் பெயரையொட்டியே ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னதி என்று பெயர். பாக்டீரியா ஓயாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். திரைபோன்ற தசைகளைத் திறந்தும் மூடியும் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது மீன். காற்றுப்பையின் பளபளப்பான உட்சுவர் அந்த ஒளியை வாங்கித் திருப்பிவிட, அது வயிற்றுப் பக்கமாக மங்கலாகக் கசிகிறது. பல காரல் இனங்களில் ஆண்மீனுக்கு இந்த உறுப்பு பெரியது. விலாவில் கண்ணாடிபோன்ற தோலும் உண்டு. அதன் வழியே மின்னி மின்னிப் பெண்மீனை அழைப்பதாகக் கருதப்படுகிறது. கருவாட்டுக் கடையில் மலிவாகக் குவிந்து கிடக்கும் மீனுக்குள் இத்தனை நுட்பமான ஏற்பாடு!

வயிற்றில் ஏன் விளக்கு? ஒளிந்துகொள்ளத்தான். நடுநீரில் பதுங்கப் பாறையும் இல்லை, பாசியும் இல்லை. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் வேட்டை மீனுக்கு, மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தின் நடுவே இரை கறுப்பு நிழலாகத் தெரியும். இரையின் வயிறும் அதே அளவு ஒளிர்ந்தால் நிழல் மறைந்துவிடும். மேலே வெளிச்சம் கூடினால் வயிற்றொளியும் கூட வேண்டும், குறைந்தால் குறைய வேண்டும். ஹவாயின் குட்டைவால் கணவாய் இதில் கைதேர்ந்தது. நிலவொளியில் நிழல் விழாமல் இரவெல்லாம் வேட்டையாடிவிட்டு, விடியற்காலையில் தன்னிடமுள்ள பாக்டீரியாவில் சுமார் 95 சதவீதத்தை வெளியே தள்ளிவிடும். மிச்சமிருப்பவை பகலில் பெருகி அடுத்த இரவுக்குத் தயாராகும்.

தூண்டில் மீனைப் பற்றிப் பலரும் அறிவார்கள். தலைக்கு முன்னே விளக்கைத் தொங்கவிட்டு இரையை இழுப்பது பெண்மீன் மட்டுமே. அதைவிடத் தந்திரக்காரன் மாலகோஸ்டியஸ். ஆழ்கடலில் பெரும்பாலான கண்களுக்குத் தெரியாத சிவப்பு ஒளியைப் பாய்ச்சி இரை தேடும் மீன் அது. அந்தச் சிவப்பைப் பார்க்க அதன் கண்ணுக்கு உதவும் நிறமி, பச்சையத்திலிருந்து வந்தது. அதுவும் உணவு வழியே கிடைத்த இரவல்தான்.

அட்டோலா என்ற ஜெல்லி மீனின் வழியோ கூச்சல் போடுவது. யாராவது கடித்தால் அதன் உடலில் நீல வெளிச்சம் வட்டமாகச் சுழன்று ஓடும். திருடன் பிடித்ததும் ஊரைக் கூட்டுவதுபோலத்தான். கடித்தவனைக் கடிக்க இன்னும் பெரியவன் வருவான். இந்தக் கருத்தை நம்பிய அமெரிக்க ஆய்வாளர் எடித் விடர், அட்டோலாபோல மின்னும் ஒரு மின்பொறியைச் செய்தார். 2004-இல் மெக்சிகோ வளைகுடாவில் அதை இறக்கி ஒளிரவிட்ட 86-ஆவது விநாடியில், அறிவியல் அதுவரை அறியாத ஒரு பெரிய கணவாய் கேமரா முன் வந்து நின்றது. 2012-இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளருகே அதே உத்திக்கு மயங்கி வந்தது, ஆழத்தில் உயிரோடு அதுவரை யாரும் காணொளியாகப் பதிவுசெய்திராத ராட்சதக் கணவாய்.

கடல் உயிர்களின் ஒளியால் மனிதனுக்கும் பெரும் பயன் விளைந்தது. 1961-இல் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானியர், பயனற்றதென்று நினைத்து ஏக்வோரியா சாற்றைத் தொட்டியில் ஊற்றினார். தொட்டியிலிருந்த கடல்நீரின் கால்சியம் பட்டதும் அது பளீரென ஒளிர்ந்தது. அந்த ஆராய்ச்சியின்போது கிடைத்த பச்சை ஒளிர் புரதம்தான் இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் உயிரணுவுக்குள் நடப்பதைக் காட்டித் தருகிறது. 2008-இல் அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆழ்கடலுக்குள் இறங்கும் வாய்ப்பு இப்போது நமக்கும் வருகிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதற்காக, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கியை உருவாக்கி வருகிறது. இந்தியப் பெருங்கடலின் தரையில் கிடக்கும் கனிம உருண்டைகள் மீது நாட்டுக்கு ஆர்வம் அதிகம். அந்தத் தரையை அடையும் முன் கடக்க வேண்டிய பல ஆயிரம் மீட்டர் நீரிலும் உயிர்கள் வாழ்கின்றன. இறங்கும் வழியில் கலத்தின் விளக்குகளைக் கொஞ்ச நேரம் அணைத்துவைத்து, அங்கே எவையெல்லாம் ஒளிர்கின்றன என்று கணக்கெடுக்க வேண்டும். மான்டெரேயில் 17 ஆண்டுகள் செய்ததை நம் கடலிலும் தொடங்க இதுவே தக்க தருணம்.