பழைய வண்ணக் கண்ணாடியும் மணிக்கல் தொழிலும்

மணிக்கல் இழைக்கும் தொழிலில் புதிதாகப் பயிலும் ஒருவர் விலையுயர்ந்த கல்லைக் கெடுத்துவிட்டால் இழப்பு பெரிது. பழைய கண்ணாடி உலைகளின் அடியில் இறுகிக் கிடந்த வண்ணக் கட்டிகளும், உடைந்த பழங்கண்ணாடித் துண்டுகளும் இதற்கு மலிவான மாற்றாகும். வளையலுக்குப் பெயர்பெற்ற பிரோசாபாத்தும், கல் இழைப்புக்குப் பெயர்பெற்ற ஜெய்ப்பூர், காம்பத் நகரங்களும் உள்ள நம் நாட்டில் இதன் பயனை அறிவது நன்று. ஆயினும் கண்ணாடி கல்லன்று என்பதை ஒவ்வொரு படியிலும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கண்ணாடிக்கு நிறம் தருபவை பெரும்பாலும் உலோகங்களே. கோபால்ட் நீலத்தையும், குரோமியமும் இரும்பும் பச்சையையும், மாங்கனீசு ஊதாவையும் தருகின்றன. சிவப்பு நிறம் செம்பு, தங்கம் அல்லது செலினியத்தால் உண்டாவது.

கல்லுக்கும் கண்ணாடிக்கும் உள்ள முதல் வேறுபாடு கடினத்தன்மை. மோஸ் அளவுகோலில் படிகக்கல் 7. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5. ஆகவே கண்ணாடி விரைவில் தேயும். எளிதில் கீறலும் விழும். மோதிரத்தைவிடக் காதணிக்கும் பதக்கத்துக்குமே அது ஏற்றது.

இரண்டாவது வேறுபாடு உள்ளிறுக்கம். உருகிய கண்ணாடி சீராகக் குளிராவிடில் அதனுள் இறுக்கம் தங்கிவிடும்; அறுக்கும்போது கட்டி திடீரெனப் பிளக்கும். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கிடையே கட்டியைப் பிடித்துப் பார்த்தால், இறுக்கமுள்ள இடங்கள் ஒளிப்பட்டைகளாகத் தெரியும். சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியாயின், ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து மெல்லக் குளிரவிட்டு இக்குறையை நீக்கலாம். அரக்கினால் குச்சியில் ஒட்டும்போதும் திடீர்ச் சூடு கூடாது. சாணையில் மெல்ல அழுத்தித் தேய்த்து, இறுதியில் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்ற வேண்டும்.

தொழிலாளரின் நலம் இதனினும் முக்கியமானது. காம்பத்தில் அகேட் கல்லை உலர்நிலையில் தேய்த்தவர்களைச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் பீடித்தது. கண்ணாடியில் படிகச் சிலிக்கா இல்லை. எனினும் பழைய வண்ணக் கண்ணாடியின் தூளில் ஈயம், ஆர்சனிக், காட்மியம் ஆகிய நச்சுப்பொருள்கள் கலந்திருக்கக்கூடும். எனவே நீர் விட்டே தேய்த்தல், முகக்கவசம் அணிதல், உணவுக்குமுன் கை கழுவுதல் ஆகியவை கட்டாயமாகும். கழிவுச் சேற்றை உலரவிட்டுப் பெருக்கலாகாது.

பழமையான பொருள் எல்லாமே மூலப்பொருளாகிவிடாது. அரிக்கமேடு போன்ற இடங்களில் கிடைக்கும் கண்ணாடி மணிகள் பண்டைய தொழில்நுட்பத்தின் சான்றுகள். நூறாண்டுக்குக் குறையாத, வரலாற்றுச் சிறப்புள்ள கைவினைப் பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. அத்தகையவற்றைச் சாணையில் இட்டால், இழந்த சான்று மீளாது. உலைக்கழிவு எது, வரலாற்றுச் சான்று எது என்று பிரித்தறிந்த பின்னரே தொழிலைத் தொடங்க வேண்டும்.

பட்டை தீட்டிய கண்ணாடியைக் கண்ணாடி என்றே கூறி விற்பது வாங்குவோருக்குச் செய்யும் கடமை. மாணிக்கம், மரகதம் என்று பெயர் மாற்றி விற்றால் ஒருநாள் இலாபம் கிட்டலாம். தொழிலின் நற்பெயர் அழியும். பழங்கண்ணாடிக்குத் தன் பெயரிலேயே விற்கும் அழகு உண்டு.