சுரங்கத்தின் பக்கம் திரும்பிய கேமரா

தொலைக்காட்சியில் வரும் காட்டுப் படங்களில் மின்கம்பி தெரியாது. ஜீப்புகள் வரிசைகட்டி நிற்பதும் தெரியாது. அவற்றை ஒதுக்கித்தான் கேமராவை வைப்பார்கள். இயற்கைப் பாதுகாப்புக்காக எடுக்கும் ஆவணப்படம், அப்படி ஒதுக்கப்பட்டதை நோக்கியே கேமராவைத் திருப்புகிறது. சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி 2001இல் எடுத்த ‘மைண்ட்லெஸ் மைனிங்’ இதற்கு நல்ல உதாரணம்.

கர்நாடகத்தின் குதிரேமுக், சோலையும் புல்வெளியும் மாறிமாறி வரும் மலை. நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கே பத்ரா ஆற்றையொட்டி ஒரு பொதுத்துறை நிறுவனம் இரும்புத் தாது வெட்டி, குழம்பாக்கி, குழாய் வழியே மங்களூருக்கு அனுப்பிவந்தது. 1987இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது, சுரங்கமோ நிற்கவில்லை. 30 ஆண்டு குத்தகை 1999இல் முடிந்தபோது நிறுவனம் நீட்டிப்புக் கேட்டது.

படத்தின் நீளம் 12 நிமிடம். பதின்ம வயதில் சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகத் தொடங்கி, சர்வதேசத் தொலைக்காட்சிகளுக்கு முழுநீளப் படங்கள் எடுத்தவர் தத்தாத்ரி. நீளமாக எடுக்கத் தெரியாதவர் அல்ல. ஆனால் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டியவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். அவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்க மாட்டார்கள். படப்பிடிப்பையும் இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. மழையில் சுரங்க மண் ஆற்றில் இறங்குகிறது என்பது குற்றச்சாட்டு என்றால், அந்த மழையிலேயே போய் நிற்க வேண்டும். கோடையில் எடுத்த அழகான ஆறு சாட்சியாகாது.

படம்தான் சுரங்கத்தை மூடியது என்றால் அது மிகை. ஓய்வுபெற்ற வனத்துறை அலுவலர் கே.எம். சின்னப்பா உச்ச நீதிமன்றம் போனார். ஆய்வாளர்களின் தரவுகளும் களப்பணியாளர்களின் உழைப்பும் பின்னால் நின்றன. 2002 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. 2005 முடிவில் தாது வெட்டுவது நின்றது. மனுவில் எழுத்தாக இருந்த சேதத்தை எல்லோரும் காணும்படி செய்ததே படத்தின் பங்கு. அது சின்னப் பங்கல்ல.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. ஒடிசாவின் பங்குனி ஆமைகள் இழுவைப் படகுகளால் சாவதைப் பற்றி 2003இல் தத்தாத்ரியே ஒரு படம் எடுத்தார். ஆமைகள் இன்றும் செத்துக் கரையொதுங்குகின்றன. ஒற்றைச் சுரங்கத்துக்குப் பூட்டுப் போடலாம்; ஆயிரக்கணக்கான படகுகள் ஓடும் கடலில் யார் காவல் நிற்பது?

இன்னொரு சிக்கல் உண்டு. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் படமெடுக்க, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். வனத்துறையின் குறையைச் சொல்லப்போகும் படத்துக்கும் விண்ணப்பம் அதே மேசைக்குத்தான் போக வேண்டும்.