குழந்தைநலப் பிரிவுக்கு அப்பால்: நாட்பட்ட நோயுடன் வளரும் தேனி இளையோர்

மாற்றம் என்பது யாது?

முதல் வகை நீரிழிவு, வலிப்பு நோய், பிறவி இதயக் குறைபாடு, வாதக் காய்ச்சல் விட்டுச்செல்லும் இதய வால்வு நோய் ஆகியவை குழந்தைப் பருவத்தில் தொடங்கினும் அப்பருவத்தோடு முடிவதில்லை. பெற்றோருடன் குழந்தைநல மருத்துவரிடம் வந்துகொண்டிருந்த சிறார், வளர்ந்தபின் பொது மருத்துவம், இதயவியல், நரம்பியல் ஆகிய பிரிவுகளை நாட வேண்டியவராகின்றனர். இளையோரை முன்கூட்டியே பயிற்றுவித்துப் படிப்படியாக அப்பிரிவுகளிடம் ஒப்படைப்பதே நிலைமாற்றப் பராமரிப்பு எனப்படும். இதற்கான ஆயத்தம் 13 அல்லது 14 வயதுக்குள் தொடங்க வேண்டும் என்பது 2016இல் வெளியான பிரிட்டன் வழிகாட்டுதலின் பரிந்துரையாகும். இந்தியாவின் பல அரசு மருத்துவமனைகளிலோ குழந்தைநலப் பிரிவின் எல்லை 12 வயதோடு முடிந்துவிடுவதால், ஆயத்தம் தொடங்குமுன்னரே மாற்றம் நேர்ந்துவிடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் தொடர்பு அறும் இடம்

தேனி மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் அமைந்துள்ளது. கூடலூர், கம்பம் பகுதி மக்கள் உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி ஆகிய ஊர்களைக் கடந்தே அங்குச் செல்ல வேண்டும். 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் நேரில் சென்று, 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கின்றன. எனினும், பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞருக்கு, பள்ளியோடு அத்தொடர்பும் அறுந்துபோகிறது. புறநோயாளர் பிரிவு இயங்கும் காலை வேளையில் மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலியை இழக்க நேர்கிறது.

தொடர்பு அறுந்தால் நேரும் கேடு

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்றவர்களுக்கு, காய்ச்சல் மீண்டும் வந்து வால்வை மேலும் சிதைக்காதிருக்க, மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல்லாண்டுகள் தேவைப்படுகிறது. உடலில் தொல்லை ஏதும் தெரியாத காலத்திலும் போட வேண்டிய ஊசி இது என்பதால், வளரிளம் பருவத்தில் எளிதில் கைவிடப்படுகிறது. வால்வு சுருங்கிய பெண்ணுக்குக் கருவுற்ற காலத்தில் மூச்சுத்திணறல் உயிராபத்தாகவும் முடியலாம். வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட் மாத்திரை கருவிலுள்ள சிசுவின் உடலமைப்பையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. ஆதலால், பெண்பிள்ளைகளுக்கு மாற்று மருந்து பற்றிய ஆலோசனை திருமணப் பேச்சுக்கு முன்பே நடைபெற வேண்டும். மருந்தைத் தாமாகவே திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது.

முதல் வகை நீரிழிவில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லையாதலால் ஊசியை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். மறுபுறம், விடியலில் ஊசி போட்டுக்கொண்டு உண்ணாமல் ஜீப்பேறுபவருக்கு மலைப்பாதையிலேயே சர்க்கரை அளவு தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் தோன்றி, மயக்கம் வரலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கவும், இவ்வறிகுறிகளை அடையாளம் கண்டு உதவுமாறு உடன் வேலை செய்வோருக்குச் சொல்லிவைக்கவும் அவர் பழக வேண்டும்.

பிள்ளையே பதில் சொல்லட்டும்

மருத்துவர் பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்குத் தாய் பதிலளிப்பது நம் வீடுகளில் இயல்பு. அன்பினால் விளையும் இவ்வழக்கமே, 18 வயதில் சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் தர வேண்டியவரை, தம் மருந்தின் பெயரையும் அறியாதவராக விட்டுவிடுகிறது. நோயின் பெயர், மருந்தின் அளவு, அடுத்த ஊசியின் தேதி ஆகியவற்றைப் பிள்ளையே சொல்லுமாறு 12 வயதிலிருந்து பழக்குவதும், ஆலோசனையின் ஒரு பகுதியில் பெற்றோர் வெளியே காத்திருப்பதும் நலம் பயக்கும்.

ஒப்படைப்புக் கடிதம்

நோய் கண்டறியப்பட்ட ஆண்டு, செய்யப்பட்ட அறுவை சிகிச்சைகள், தற்போதைய மருந்துகள், ஒவ்வாமை, கடைசி எக்கோ அல்லது இரத்தப் பரிசோதனை முடிவு, அவசரநிலையில் செய்ய வேண்டியவை ஆகியன அடங்கிய ஒருபக்கக் கடிதம் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். அதன் நகல் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருந்தால், பென்சிலின் ஊசிக்காகவோ இன்சுலினுக்காகவோ ஒவ்வொரு முறையும் க.விலக்கு வரை செல்ல வேண்டிய நிலையைக் குறைக்க முடியும்.

பெரியோர் பிரிவு மருத்துவர் ஒருமுறையேனும் நேரில் பார்த்து, அடுத்த வருகைக்குத் தேதி குறித்த பின்னரே குழந்தைநலப் பிரிவு தன் பதிவேட்டிலிருந்து ஒருவரின் பெயரை நீக்க வேண்டும். குறித்த தேதியில் அவர் வராவிட்டால் கிராம சுகாதார செவிலியர் வழியாகத் தேடிச்செல்வதும் இவ்விரு பிரிவுகளின் கடமையாகக் கொள்ளப்பட வேண்டும். குழந்தைப் பருவம் முழுவதும் அளித்த சிகிச்சையின் பயன் அப்போதுதான் காக்கப்படும்.